பால்பல்தானே என்று எண்ணாதீர்கள்!

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் இல்லத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறி இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன். என் மூத்த மகளுக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு. ஒரு சனிக்கிழமை இரவு அவளுக்குக் கடுமையான பல்வலி கண்டது. கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தோம். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிக்கச் செய்தோம். வலி தணியவில்லை. விடிவதற்குள் கன்னம் வீங்கிவிட்டது. இரவு முழுவதும் குழந்தை அழுதாள். அவளோடு அவள் தாயும் அழுதாள்.

திங்கட்கிழமை காலை அவளைப் பல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில் கடைவாய்ப்பல் ஒன்று ஆழமாகக் குடைந்து போயிருந்தது. "பிடுங்கிவிடலாமா?" என்று அவர் கேட்டார். "பால்பல்தானே டாக்டர், பிடுங்கிவிடுங்கள், வேறு முளைக்கும்" என்றேன் நான். அவர் மறுத்து ஒன்றும் கூறவில்லை. ஐந்து நிமிடங்களில் வேலை முடிந்தது. அன்று மாலையே வலியும் நின்றது. ஆனால் அந்த இடத்தில் வேறு பல் முளைக்கவே இல்லை.

அது பால்பல் அன்று. ஆறு வயதில் முளைத்து, ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய நிலையான பல் அது. நான் அறியாமல் கூறிய ஒரு சொல்லால் என் மகள் அதனை இழந்தாள். அடுத்த சில ஆண்டுகளில் அதன் பின்னால் முளைத்த பல், வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்துவிட்டது. மேல்தாடையில் அதற்கு நேராக இருந்த பல், கடிப்பதற்கு எதிர்ப்பல் இல்லாமையால் கீழ்நோக்கி இறங்கிவந்தது. சாய்ந்த பல்லின் இடுக்கில் உணவு தங்கி, அதுவும் சொத்தையாயிற்று. இன்றுவரை அவள் இடப்பக்கமாகவே மெல்லுகிறாள்.

இப்பொழுது அவளுக்கு மருத்துவம் செய்யும் பல் மருத்துவர் பொறுமை மிக்கவர். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அமர்ந்து விளக்கம் தந்தார். அவரிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர் படித்தறிந்தவற்றையும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வண்ணம் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஆறு வயதுக் கடைவாய்ப்பல்

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதற்பல் முளைக்கிறது. இரண்டரை, மூன்று வயதிற்குள் இருபது பால்பற்களும் முளைத்துவிடுகின்றன. ஆறாம் வயதிலிருந்து அவை ஒவ்வொன்றாக விழுந்து, நிலையான பற்கள் அவ்விடத்தைப் பெறுகின்றன. இவ்வளவும் பெற்றோர் அனைவரும் அறிந்ததே.

ஆனால் அதே ஆறாம் வயதில் வேறொன்றும் நிகழ்கிறது. பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, பக்கத்திற்கு ஒன்றாக மேலும் கீழுமாய் நான்கு பெரிய கடைவாய்ப்பற்கள் முளைக்கின்றன. ஒரு பல் விழுந்தால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். விழாமல் முளைக்கும் பல்லை யார் கவனிக்கிறார்கள்? எனவேதான் இவற்றையும் பால்பற்கள் என்றே பலர் எண்ணிவிடுகின்றனர். நிலையான பற்களுள் முதலில் சொத்தையாவது பெரும்பாலும் இவையே. குழந்தைக்குத் துலக்கும் பழக்கம் சரிவரப் படியாத வயதில் இவை முளைக்கின்றன. இவற்றின் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களோ மிக ஆழமானவை.

பால்பல்லையும் இகழ்ந்துவிடுதல் ஆகாது. அது குழந்தை மென்று உண்பதற்கும் தெளிவாகப் பேசுவதற்கும் உதவுவதோடு, அடியில் வளரும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. பால் கடைவாய்ப்பற்கள் விழுவதற்குப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும். ஐந்து வயதில் அதனைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து வழியை அடைத்துவிடுகின்றன. பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கிறது. தவிர்க்க இயலாமல் பிடுங்க நேர்ந்தால், அந்த இடைவெளியைக் காக்கும் சிறு கம்பி வளையம் ஒன்றை மருத்துவர் பொருத்துவார்.

சொத்தை உண்டாகும் விதம்

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதனுள் டென்டீன் என்னும் சற்று மென்மையான பகுதி. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ். எலும்பு முறிந்தால் கூடிவிடும். தோல் கிழிந்தால் ஆறிவிடும். எனாமலில் உயிரணுக்கள் இல்லாமையால், ஒருமுறை குழி விழுந்துவிட்டால் அது மீண்டும் வளர்வதில்லை.

சொத்தையைப் 'பல்லில் புழு' என்று நாட்டுப்புறத்தில் கூறுவர். காதிலும் வாயிலும் புகைபிடித்துப் புழுவை எடுத்துக் காட்டுவோரும் உண்டு. உண்மையில் பல்லில் புழு ஏதுமில்லை. வாயில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள், நாம் உண்ணும் சர்க்கரையைத் தாமும் உண்டு, அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் எனாமலிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் ஏறத்தாழ அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்குள் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தின் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது.

இதிலிருந்து இல்லத்தரசிகள் அறிய வேண்டிய பாடம் ஒன்றுண்டு. எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைவிட, எத்தனை முறை உண்கிறோம் என்பதே பல்லுக்கு முக்கியம். உணவோடு சேர்த்து ஒரு லட்டு உண்ணும் குழந்தைக்கு நேரும் தீங்கு குறைவு. காலை முதல் மாலை வரை மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டும், பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டும் இருக்கும் குழந்தையின் பற்களுக்கு மீளும் நேரமே கிடைப்பதில்லை. சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் சிசுவின் நிலை இதனினும் மோசம். உறக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கிறது. முன்பற்கள் இரண்டு வயதிலேயே கறுத்துக் கரைந்து நிற்கும் குழந்தைகளை நாம் கண்டிருக்கிறோம் அன்றோ?

வருமுன் காத்தல்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்பது நம் முதியோர் வாக்கு. நாள்தோறும் பல் துலக்க வேண்டும் என்னும் ஒழுக்கத்தை அவர்கள் நமக்குக் கற்பித்தனர், அது போற்றத்தக்கது. எனினும் செங்கற்பொடி, அடுப்புக்கரி, ஆற்றுமணல், உப்பு ஆகியவற்றால் தேய்ப்பது எனாமலையே தேய்த்துவிடும். மென்மையான தூரிகையும் ஃபுளோரைடு கலந்த பற்பசையுமே ஏற்றவை. காலையில் ஒருமுறை, இரவு உறங்குமுன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். இவ்விரண்டில் நம் வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இரவுத் துலக்கலே; பல்லுக்கு மிகவும் வேண்டியதும் அதுவே.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு பசையும், மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவும் போதும். ஏழு, எட்டு வயதுவரை பெற்றோரே துலக்கிவிடுதல் அல்லது உடனிருந்து உதவுதல் வேண்டும். துலக்கியபின் பசையைத் துப்பினால் போதும். குவளை குவளையாக நீரூற்றிக் கொப்பளித்தால் ஃபுளோரைடு முழுவதும் கழுவப்பட்டுவிடுகிறது.

இந்த ஃபுளோரைடின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1901-இல் மருத்துவம் செய்யத் தொடங்கிய ஃபிரெடெரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர், அவ்வூர் மக்களின் பற்களில் பழுப்புக் கறைகளைக் கண்டார். கறை படிந்த அப்பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். முப்பது ஆண்டுகள் சென்றபின், 1931-இல், குடிநீரில் மிகுதியாக உள்ள ஃபுளோரைடே இதற்குக் காரணம் எனத் தெளிவாயிற்று. மிகுந்தால் கறை, அளவோடு இருந்தால் காவல். 1945 ஜனவரியில் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம், குடிநீரில் அளவறிந்து ஃபுளோரைடு சேர்த்த முதல் நகரமாயிற்று.

நம் நாட்டில் பல இடங்களில் நிலைமை இதற்கு மாறானது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஆகிய மாவட்டங்களின் பல கிராமங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சி உள்ளது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தீங்கு. அங்குள்ள பிள்ளைகளின் பற்களில் காணும் சுண்ணாம்பு வெண்மையும் பழுப்புப் பட்டைகளும் அழுக்கு அல்ல. எவ்வளவு தேய்த்தாலும் அவை போவதில்லை. பற்கள் தாடைக்குள் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே படிந்துவிட்ட கறை அது. அப்பகுதிப் பெற்றோர் செய்ய வேண்டியது, ஆழ்துளைக் கிணற்று நீரை விடுத்து, பாதுகாக்கப்பட்ட குடிநீரைக் குழந்தைகளுக்குத் தருவதாகும்.

மருத்துவரிடம் சென்று செய்துகொள்ளும் தடுப்பு முறைகள் மூன்று.

முதலாவது, ஃபுளோரைடு பூச்சு. சொத்தை வரும் அறிகுறி உள்ள குழந்தைகளுக்கு ஆண்டில் இரண்டு முறையேனும் தூரிகையால் பற்களின்மேல் பூசுவர். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலி சிறிதும் இல்லை.

இரண்டாவது, பள்ளங்களை மூடும் காப்புப் பூச்சு. ஆறு வயதுக் கடைவாய்ப்பல் நன்கு வெளிவந்தவுடன், அதன் பள்ளங்களை ஒருவகைப் பிசினால் நிரப்பி மூடிவிடுவர். துளையிடுதலோ ஊசியோ கிடையாது. எனாமலை மெல்லிய அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் உறுதியாக ஒட்டும் என்பதை 1955-இல் மைக்கேல் புவோனகோர் என்பார் கண்டறிந்ததால் இம்முறை இயல்வதாயிற்று. என் மகளுக்கு ஆறு வயதில் இதைச் செய்திருந்தால், பன்னிரண்டு வயதில் அந்த இரவு நேர்ந்திராமலே போயிருக்கலாம்.

மூன்றாவது, பல் சுத்தம் செய்தல். துலக்காமல் விடப்பட்ட அழுக்கு நாளடைவில் கல்லைப் போல் இறுகிப் பற்காரையாகிறது. அதனைத் தூரிகையால் அகற்ற இயலாது. காரை படிந்த ஈறு வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசிகிறது. கவனியாது விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரைந்து, சொத்தையற்ற நல்ல பற்களும் ஆட்டம் காண்கின்றன. "சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்று அஞ்சுவோர் இன்றும் உளர். காரை நீங்கியபின் பல் ஆடுவதாகத் தோன்றினால், அதற்குக் காரணம் சுத்தம் செய்ததன்று. எலும்பு முன்னரே கரைந்துபோனதுதான். நீரிழிவு நோயாளரிடத்து ஈறு நோய் கடுமையாக இருக்கும். ஈறு நோயைக் கவனியாவிடில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. கருவுற்ற தாய்மாரின் ஈறுகள் எளிதில் வீங்குமாதலால் அவர்கள் துலக்குவதை நிறுத்தலாகாது. கர்ப்ப காலத்தில் பல் மருத்துவரிடம் செல்லக் கூடாது என்பதும் தவறான எண்ணமே. செல்லும்போது கருவுற்றிருப்பதை அவரிடம் கூறினால் போதும்.

பல் அடைத்தல்

சொத்தை எனாமலையும் டென்டீனையும் மட்டும் தாக்கியிருந்தால், கெட்ட பகுதியை அகற்றி அடைத்துவிடலாம். இந்த நிலையில் வலி இராது. அல்லது குளிர்ந்த நீர் பட்டால் மட்டும் கூசும். அப்பொழுதே சென்றால் ஓர் அமர்வில் முடியும்; செலவும் குறைவு. "வலிக்கவில்லையே, எதற்குப் போவது?" என்று காத்திருப்பதே நம் மக்களுக்குப் பெருஞ் செலவை வைக்கிறது.

அடைக்கும் பொருள்கள் பலவகை. நெடுங்காலம் வழங்கியது வெள்ளி அடைப்பு. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் பொடியைப் பாதரசத்தோடு குழைத்துச் செய்வது. உறுதி மிக்கது எனினும், பாதரசத்தால் சுற்றுச்சூழல் கெடுவதைக் கருதி, 2013-இல் ஏற்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இதனைக் குறைக்குமாறு உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பழைய வெள்ளி அடைப்பு நன்னிலையில் இருப்பின், அஞ்சி அதனைப் பெயர்த்தெடுக்க வேண்டுவதில்லை. இப்பொழுது மிகுதியாக வழங்குவது பல்லின் நிறத்திலேயே உள்ள காம்போசிட் என்னும் பிசின். நீல ஒளியைச் செலுத்தியதும் அது இறுகிவிடுகிறது. கிளாஸ் அயனோமர் என்னும் மற்றொன்று தானே பல்லில் ஒட்டி, சிறுகச் சிறுக ஃபுளோரைடையும் வெளியிடுவதால் குழந்தைகளுக்கு உகந்தது. மின்சாரமும் துளையிடும் கருவியும் இல்லாத கிராமங்களிலும், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இதனால் அடைக்கும் எளிய முறை 1980-களில் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் உருவாகிப் பல நாடுகளுக்கும் பரவியது.

வேர்ச் சிகிச்சை

சொத்தை பற்கூழை எட்டிவிட்டால் வலி தானாகவே எழுகிறது. இரவில் படுத்ததும் மிகுகிறது. இந்நிலையில் பல்லைக் காப்பாற்றும் வழியே வேர்ச் சிகிச்சை. மரத்துப்போகும் ஊசி போட்டு, பல்லின் மேற்புறத்தில் வழி செய்து, கெட்டுப்போன கூழை அகற்றி, வேர்களின் உட்குழாய்களை நுண்ணிய கருவிகளால் துப்புரவாக்குவர். பின்னர், மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பொருளால் அவற்றை நிரப்பி மூடுவர். முன்பல்லுக்கு ஒரு குழாய். கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று, சிலவேளை நான்கு. ஆதலால் இரண்டு, மூன்று முறை செல்ல நேரலாம்.

இங்கே நம்மவர் இழைக்கும் தவறு ஒன்றுண்டு. முதல் அமர்விலேயே வலி நின்றுவிடுகிறது. உடனே மருத்துவரிடம் செல்வதையும் நிறுத்திவிடுகின்றனர். சில மாதங்களில் பல் மீண்டும் சீழ் பிடிக்கிறது. அதுபோலவே, சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல்லின்மேல் உறை போடாமல் விட்டுவிடுவோரும் உளர். குடைந்தெடுக்கப்பட்ட பல் வலுவிழந்து, ஒருநாள் கடலையைக் கடிக்கும்போது பிளந்துபோகும். உறையோடுதான் அந்தச் சிகிச்சை நிறைவு பெறுகிறது.

வலி மாத்திரைகளை விழுங்கிக் காலந்தள்ளுவது ஆபத்தானது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றின்மேல் வைப்பதால் தசை வெந்து புண்ணாகிறதே தவிர, பல்வலி நீங்குவதில்லை. பல்லின் சீழால் தாடையின் அடிப்புறமோ கண்ணருகோ வீங்கி, காய்ச்சல் கண்டு, விழுங்கவோ வாய் திறக்கவோ இயலாமற் போனால், ஒரு மணி நேரமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அது உயிருக்கே உலை வைக்கக்கூடிய நிலை.

பிடுங்கும்போது

பல்வலியின் கொடுமையை நம் திருச்சபையும் அறிந்தே உள்ளது. கி.பி. 249-இல் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில், கிறிஸ்தவர்கள்மீது வெறிகொண்ட கூட்டத்தாரால் பற்கள் உடைபட்டுத் துன்புற்று, தீயில் உயிர் நீத்த மறைசாட்சி புனித அப்பொல்லோனியாவைப் பல்வலியால் வருந்துவோரின் பாதுகாவலியாக மக்கள் வணங்கிவருகின்றனர். அவருடைய விழா பிப்ரவரி 9. குறட்டில் பல்லொன்றைத் தாங்கியவராக அவரை ஓவியங்களில் காணலாம்.

மரக்கச் செய்யும் மருந்துகள் இல்லாத அந்நாள்களில் பல் பிடுங்குதல் ஒரு சித்திரவதையே. 1844-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவை நுகர்ந்து, தம் பல்லையே வலியின்றிப் பிடுங்கச் செய்து காட்டினார். ஈராண்டுகளில், 1846-இல், வில்லியம் மார்ட்டன் என்னும் மற்றொரு பல் மருத்துவர் ஈதரின் பயனை உலகறியச் செய்தார். மருத்துவ உலகம் முழுமைக்கும் மயக்க மருந்தைத் தந்தவர்கள் பல் மருத்துவர்கள் எனலாம். இன்று பல் மருத்துவர் போடும் ஊசியில் பெரும்பாலும் இருப்பது, 1943-இல் சுவீடனில் கண்டுபிடிக்கப்பட்ட லிக்னோகெயின் என்னும் மருந்து.

மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்னும் அச்சம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இஃது முற்றிலும் தவறு. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு. முதுமையில் பல்லும் விழுகிறது, பார்வையும் மங்குகிறது. அதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

பிடுங்குமுன் மருத்துவரிடம் மறையாது கூற வேண்டியவை சில: நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய வால்வு நோய், மருந்து ஒவ்வாமை, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகள். அம்மாத்திரைகளைத் தாமாகவே நிறுத்திவிடுதலும் கூடாது. பிடுங்கியபின் பஞ்சை அரைமணி நேரத்திற்குக் குறையாமல் கடித்திருக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் கொப்பளித்தலும் புகைத்தலும் ஆகா; குழியில் உறைந்த இரத்தமே அதனை ஆற்றும் மருந்து.

பிள்ளைகள் விளையாட்டில் விழுந்து நிலையான முன்பல் வேரோடு பெயர்ந்துவிட்டால், பதற்றத்தில் அதனை எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, மண் ஒட்டியிருந்தால் மெல்ல நீரில் அலசி, அதே குழியில் வைக்கலாம். இயலாவிடில் குளிர்ந்த பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் மீண்டும் பொருத்திவிட முடியும். பால்பல்லாயின் இவ்வாறு திரும்பப் பொருத்தலாகாது.

இழந்த பல்லுக்கு ஈடு

கழற்றி மாட்டும் பல்செட்டு செலவு குறைந்தது. இரவில் கழற்றி நீரிலிட்டு வைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். இருபக்கத்துப் பற்களையும் செதுக்கி, அவற்றைத் தாங்கலாகக் கொண்டு கட்டுவது நிலையான கட்டுப்பல். நல்ல பற்களைச் செதுக்க நேர்வது அதன் குறை. மூன்றாவது, தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பல் பொருத்தும் இம்ப்ளான்ட். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரோனெமார்க், எலும்பு டைட்டானியத்தோடு இறுகப் பிணைந்துவிடுவதைக் கண்டு, 1965-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதனைச் செய்தார். சிறந்த முறையே, ஆயின் செலவு மிகுதி. வேர்ச் சிகிச்சையும் உறையும் செலவு மிக்கவை என்று கருதிப் பல்லைப் பிடுங்குவோர், பின்னர் இதற்கு அதனினும் மிகுதியாகச் செலவிட நேர்கிறது.

தெருவோரத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் உடனடிப் பல் கட்டித் தருவோரிடம் செல்லாதீர்கள். நல்ல பற்களோடு பிசினை ஒட்டி அவர்கள் கட்டும் பல்லைக் கழற்றவோ துப்புரவாக்கவோ முடியாது. அதனடியில் ஈறு அழுகி, தாங்கிநின்ற பற்களும் போய்விடும்.

அழகுக்காக

அழகைப் பேணுவது வீண் பெருமை என்று எல்லாக் காலத்தும் ஒதுக்கிவிட இயலாது. தெற்றுப்பல்லால் வாய்விட்டுச் சிரிக்கக் கூசும் சிறுமியும், பற்கறையால் பெண் பார்க்கும் படலத்தில் மனம் நொந்த மங்கையும் நம் பங்குகளிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு உதவும் வழிகள் உள.

தேநீர், வெற்றிலை ஆகியவற்றின் கறை வெறும் சுத்தம் செய்தலாலேயே நீங்கும். பல்லின் இயற்கையான மஞ்சள் நிறத்தைப் பெராக்சைடு மருந்தால் வெளுக்கச் செய்யலாம். அது நிலையானதன்று, சிலருக்குச் சில நாள் பற்கூச்சம் உண்டாகும், அடைப்புகளும் உறைகளும் அதனால் வெளுப்பதில்லை. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்தால் வெண்மை வரும் என்பர். வருவது எனாமலின் தேய்வே. ஃபுளோரைடுக் கறைக்கும், முனை உடைந்த பல்லுக்கும் காம்போசிட் ஒட்டுதலோ, வெனீர் என்னும் மெல்லிய பீங்கான் தகடோ பயன்படும். வெனீருக்காகப் பல்லைச் சிறிது செதுக்கிவிட்டால் மீண்டும் பழைய நிலை வாராது என்பதை நினைவிற்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

கோணற்பல்லுக்கும் முன்தள்ளிய பல்லுக்கும் கம்பி கட்டுதல் உண்டு. ஏழு வயதில் ஒருமுறை காட்டிவிட்டால், எப்பொழுது தொடங்கலாம் என்பதை மருத்துவர் கூறுவார். பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு வயதுவரை உகந்த காலம், பெரியவர்களுக்கும் செய்யலாம். ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். கம்பியை எடுத்தபின் தரப்படும் தாங்கியைச் சொன்னபடி அணியாவிட்டால், பற்கள் பழைய இடத்திற்கே திரும்பத் தொடங்கும்.

பாக்கும் புகையிலையும்

வெற்றிலை பாக்கு விருந்தோம்பலின் அடையாளமாக நம்மிடையே வழங்கிவருகிறது. ஆனால் பாக்கே, புகையிலை சேராவிடினும், புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-இல் வெளியிட்ட நூலில் தெளிவாக அறிவித்துள்ளது. பாக்கு மெல்லுவோரின் கன்னத்தின் உட்புறம் நார் பாய்ந்து இறுகி, நாளடைவில் வாயே திறக்க இயலாமற் போகிறது. வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி: இவற்றுள் எது தோன்றினும் உடனே காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுவிட்டால் குணப்படுத்த இயலும்.

குடும்பத் தலைவருக்கும் தலைவிக்கும்

1. முதற்பல் முளைத்த நாள்முதல் துலக்கத் தொடங்குங்கள்.

2. இரவுத் துலக்கலை இரவுச் செபம்போல் வீட்டு வழக்கமாக்குங்கள். துலக்கியபின் நீரன்றி வேறெதுவும் கூடாது.

3. ஆறாம் வயதிலும் பன்னிரண்டாம் வயதிலும் புதிய கடைவாய்ப்பற்கள் முளைக்கும். அவ்வயதுகளில் தவறாது மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. வலி இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்பத்தார் அனைவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

5. பல்லைப் பிடுங்குமுன், "காப்பாற்ற வழியுண்டா? இது பால்பல்லா, நிலையான பல்லா?" என்று கேளுங்கள்.

6. பணமில்லை என்று விட்டுவிடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு உண்டு. சென்னையில் 1953-இல் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வெளியூர் மக்களும் செல்லலாம்.

ஐந்தாம் கேள்வியை நான் அன்று கேட்கவில்லை. மருத்துவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் என் மகள் தன் மூத்த குழந்தையை அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். பேத்திக்கு ஆறு வயது நிறைந்துவிட்டது. சன்னலருகே அமர்த்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்த்தாடையில் இருபுறமும், பால்பற்களுக்குப் பின்னால், வெள்ளை வெளேரென்று புதிய பல்லின் முனைகள் எட்டிப் பார்த்தன. "தாத்தா, எனக்குப் பல் ஒன்றும் விழவில்லையே" என்றாள் குழந்தை. "இது விழாத பல், அம்மா" என்றேன். அது முழுவதும் வெளிவந்ததும் காப்புப் பூச்சு இடுவதற்கு மருத்துவரிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறாள் என் மகள்.

இதனைப் படித்து முடித்ததும், உங்கள் இல்லத்திலும் ஆறு, ஏழு வயதுக் குழந்தை இருப்பின், வெளிச்சத்தில் அழைத்து அதன் கடைவாயை ஒருமுறை பாருங்கள்.